ஒன்றரைப் பக்கச் சாட்சியம்

வேலூர் கோர்ட்டில் செஷன்ஸ் வழக்குகளுக்கு ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தூக்குத் தண்டனை சரியா தவறா என்று பேச்சு வந்தால் பலரும் இரக்கத்தில் ஆரம்பிப்பார்கள். எனக்குக் காகிதம்தான் முதலில் ஞாபகம் வரும்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வரும் சாட்சி கூண்டில் ஏறி, அழுதுகொண்டே முன்னுக்குப் பின் மாற்றிச் சொல்வார். நீதிபதி அதை ஒழுங்குபடுத்திச் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். 'சம்பவத்தன்று மாலை சுமார் 6 மணியளவில் நான் என் வீட்டின் முன்பு இருந்தபோது' என்று வரும். எந்த ஊரில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? அரை மணி நேரப் பேச்சு ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிடும். படித்துக் காட்டி, "சரிதானேம்மா?" என்றால் தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைப்பார்கள். இதில் யார் மீதும் குற்றமில்லை, வேலையே அப்படித்தான். தூக்கு விதித்தால் ஹைகோர்ட் உறுதி செய்ய வேண்டும். அங்கே பார்ப்பதும் இந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான்.

2011 ஆகஸ்டில் ஊரே தொரப்பாடி ஜெயிலை, அதாவது வேலூர் மத்திய சிறையைப் பற்றித்தான் பேசியது. ராஜீவ் கொலை வழக்கில் அங்கே இருந்த மூவருக்குத் தூக்கு செப்டம்பர் 9 என்று நாள் குறித்தாகிவிட்டது. ஆகஸ்ட் 30-ல் ஹைகோர்ட் தடை கொடுத்தது. எனக்கு உறைத்தது 2013-ல்தான். தான் வாங்கிக் கொடுத்த, குண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரி எதற்கென்று தெரியாது என்று அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளன் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே சொன்னார். அடுத்த வருடம் தூக்கு ஆயுளானது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அது முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் அரசியல் சட்டப் பிரிவு 142-ன்படி வந்த விடுதலை, குற்றமற்றவர் என்ற தீர்ப்பு இல்லை. ஆனாலும் விட்டுப்போன அந்த வரி வெளியே வந்தபோது அவர் உயிரோடு இருந்தார்.

ஜப்பானில் தூக்கு எப்போது என்று கைதிக்கு அன்று காலையில்தான் சொல்வார்கள். ஹகமதா என்பவர் 1968-ல் தூக்குத் தண்டனை பெற்று, 1980-ல் அது உறுதியானபின் 2014 வரை அப்படிக் காத்திருந்தார். 2024-ல் கோர்ட் அவரை நிரபராதி என்றது. அவருடைய வாக்குமூலப் பதிவும் ரத்தக்கறைத் துணிகளும் ஜோடிக்கப்பட்டவை என்றது.

கொடியவரை ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போல என்கிறது குறள். அரசுத் தரப்பு வக்கீல்களுக்குப் பிடித்த குறள். கழனியில் இறங்கியவர்களுக்குத் தெரியும், களையோடு சில நாற்றும் கையோடு வந்துவிடும்.

எங்கள் பெஞ்ச் கிளார்க் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "அண்ணே, செத்தவன் வீட்டைப் பத்தி யாரும் பேசறதில்ல" என்பார். அதுவும் நியாயம்தான். தீர்ப்பு முடிந்ததும் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா வந்து, "இனிமே நாங்க வரணுமா சார்?" என்று கேட்பார். வேண்டாம் என்று அனுப்பிவிடுவோம். ஈரானிலும் சவுதியிலும் அப்படியில்லை. கொலையானவரின் குடும்பம் மன்னித்தாலோ ரத்தப் பணம் வாங்கிக்கொண்டாலோ உயிர் தப்பும். குடும்பத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது, சரி. ஆனால் ஒடுகத்தூர்க் கூலிக்காரி வீட்டுக்குப் பணக்காரர்கள் பேரம் பேச வருவதை நினைத்தால் எனக்கு அதுவும் ஒப்பவில்லை.

பெஞ்ச் கிளார்க் விவாதத்தோடு நிற்கிற ஆளும் இல்லை. இப்படிக் கேட்கும் அம்மாக்களை உட்காரவைத்து, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு இழப்பீட்டு மனு எழுதிக் கொடுப்பார். அந்த மனுவை மட்டும் அவர்கள் சொன்னபடியே எழுதுவார்.