சொட்டியது பின்னால், ஓட்டை முன்னால்

இலங்கை மலையகத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மாமாவும் நானும் சேர்ந்து ஒரு படகு வைத்திருக்கிறோம். நீர்கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றி வந்த பழைய ஃபைபர் படகு. நடுவில் நான்கு பேர் உட்காரக்கூடிய சின்னக் கேபின். சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் வரத் தொடங்கும் டிசம்பரிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை எங்களுக்கு ஓட்டம் உண்டு. பிறகு தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை. நோர்வூட் பக்கம் அது பிடித்தால் நாட்கணக்கில் விடாது. அந்த மழையில்தான் கேபினுக்குள் ஒழுகத் தொடங்கியது.

பின் இருக்கை மெத்தை நனைந்து புளித்த வாடை அடித்தது. அதற்கு நேர் மேலே ஜன்னல். வேறு யோசிக்காமல் ஜன்னலைச் சுற்றி சிலிக்கன் பூசினேன். இரண்டு குழாய் தீர்ந்தும் ஒழுகல் நிற்கவில்லை. பிறகு அதைப் பிளேடால் சுரண்டி எடுக்கவே ஒரு முழு நாள் போனது, ஏனென்றால் பழைய சிலிக்கன் மேல் வேறு எதுவும் ஒழுங்காக ஒட்டாது. உட்பக்கமாகப் பூசியிருந்தால் இன்னும் கெட்டிருக்கும்: தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பலகைக்குள்ளேயே தேங்கி மரத்தை அழுக வைக்கும்.

பெரியப்பா தேயிலைத் தோட்டத்தில் பல வருடம், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் காம்பராக்களுக்கு, அதாவது அறைகளுக்கு, கூரைத் தகரம் மாற்றியவர். வந்து பார்த்துவிட்டு, “தம்பி, ஆணி ஓட்டை ஒரு காம்பராவில் இருக்கும், சட்டி வைப்பது அடுத்த காம்பராவில். தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும்” என்றார். அன்றிலிருந்து சொட்டும் இடத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் நடந்த வழியைத் தேட ஆரம்பித்தோம்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. சுமார் 3,500 அடி உயரத்தில் விடியற்காலைக் குளிருக்குக் கேபின் உட்சுவர் தானாகவே வியர்க்கும். அது ஒழுகலா, வியர்வையா? உட்கூரையில் உள்ளங்கை அளவு பொலித்தீன் துண்டை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினோம். காலையில் பொலித்தீனின் வெளிமுகத்தில் முத்து முத்தாக நீர். அது அறையின் ஈரம். பின் மூலையில் ஒட்டிய துண்டுக்கு மட்டும் உள்ளேயும் நனைந்திருந்தது. அங்கே மேலிருந்துதான் தண்ணீர் வருகிறது என்று உறுதியானது.

படகைக் கரையேற்றிக் கட்டைகளின் மேல் நிறுத்தினோம். உட்கூரையையும் சட்டங்களையும் துடைத்துக் காயவைத்து, குழந்தைகளுக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தட்டினேன். மாமா வெளியே ஹோஸ் பிடித்தார். கீழே தொடங்கி மேலே, ஒவ்வோர் இடத்துக்கும் பத்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்றே தெரியாது. ஒரு பகல் முழுவதும் பார்த்தோம். ஒரு சொட்டுகூட விழவில்லை.

எனக்கு நம்பிக்கையே விட்டுப்போனது. பெரியப்பாதான் படகைப் பக்கவாட்டில் நின்று பார்த்து, முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்றார். தண்ணீரில் மிதக்கும்போது இயந்திரமும் எண்ணெய்த் தாங்கியும் பின்பக்கத்தை அமுக்கும். கரையில் அப்படியில்லை. முன்னால் இன்னொரு கட்டை சொருகி நான்கு அங்குலம் தூக்கினோம். மறுபடி ஹோஸ். இருபது நிமிடத்தில் பின் மூலையில் சொட்டு விழுந்தது.

டோர்ச் அடித்தேன். பவுடரில் நத்தை ஊர்ந்தது போல ஒரே ஒரு கோடு, சட்டத்தின் விளிம்போடு ஆறு அடி நீளத்துக்கு. அது தொடங்கிய இடம் முன் வலது மூலை. அதற்கு நேர் மேலே, கூரையில் பிடித்து நடக்கிற கைப்பிடிக் கம்பியின் பாதம். நான்கு திருகாணிகளில் ஒன்று பிடிமானமே இல்லாமல் சுற்றியது. கழற்றியபோது அதன் புரியில் கறுத்து ஊறிய மரத்தூள், தேயிலைச் சக்கை மாதிரி. ஃபைபருக்கு நடுவில் இருந்த பிளைவூட் அழுகியிருந்தது. எத்தனை மழையைக் குடித்ததோ!

அழுகியதைக் குடைந்து எடுத்தபின் காயவைப்பதுதான் பெரும்பாடு. மேலே தார்ப்பாய் கட்டி, ஓட்டைக்குக் கீழே பல்பு தொங்கவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தோம். ஈரத்தில் எபொக்சி ஊற்றினால் பிடிக்காது, அவசரப்படவே கூடாது. கட்டியாக இறுகிய எபொக்சியில் புதிதாகத் துளையிட்டு, வாயை மட்டும் கொஞ்சம் அகலமாகச் சீவினேன். அடைப்புப் பசை அந்தக் குழியில் வளையம் போல நிற்கும். திருகாணியை ஒரேயடியாக இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கிவிடும். ஆகவே பாதி இறுக்கி, பசை உலர்ந்தபின் மீதியை இறுக்கினேன். மற்ற மூன்று பாதங்களையும் கழற்றி அப்படியே செய்தோம்.

உள்ளே மறுபடி பவுடர் தட்டி, படகைத் தண்ணீரில் இறக்கினோம். மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலை பெரியப்பா குனிந்து உள்ளே போய், சட்டத்தின் விளிம்பில் விரலை இழுத்துப் பார்த்தார். விரலில் வெள்ளையாகக் காய்ந்த பவுடர். “மெத்தையைக் கொண்டு வா” என்றார்.