வெட்டிய தெருவை மூடுவது: குழிக்குள் இருக்கும் கணக்கு

குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ வெட்டிய தெருவில், மூடிய இடம் சில மாதத்தில் அமுங்கினால் பழி தார் போட்டவர் மேல் விழும். பெரும்பாலும் கோளாறு தாரில் இருக்காது, அதற்குக் கீழே ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும். 1.2 மீட்டர் உயரத்துக்கு நிரப்பிய மண்ணை அதன் அதிகபட்ச உலர் அடர்த்தியில் (ஈரத்தைக் கழித்துவிட்டு, ஆய்வகத்தில் அந்த மண் எட்டும் உச்ச அடர்த்தி) 90 சதவீதத்துக்குத்தான் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டிகளின் அதிர்வும் தண்ணீரும் சேர்ந்து அதை 95 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் உயரம் 90/95 பங்காகக் குறையும். இறக்கம் 63 மி.மீ. மேலே எவ்வளவு நல்ல தார்க்கலவை போட்டாலும் இந்த இறக்கத்தை அது தாங்கிப் பிடிக்காது.

அதனால்தான் நகராட்சிகளின் சாலை வெட்டு விதிகளில் பல, கண்ணுக்குத் தெரியாத அடுக்குகளைப் பற்றியே பேசுகின்றன. எண்கள் ஊருக்கு ஊர் மாறும். கையில் உள்ள அனுமதித் தாளில் எழுதியிருப்பதே இறுதி. ஆனால் காரணங்கள் எங்கும் ஒன்றே.

அனுமதித் தாளில் முதலில் மூன்றைப் பாருங்கள்: வைப்புத்தொகையைத் திருப்பித் தரும் நிபந்தனை, உத்தரவாதக் காலம், புதிதாகப் போட்ட சாலைக்கான வெட்டுத் தடை. சில நகரங்களில் புதுச் சாலையை ஐந்து ஆண்டுகள் வரை வெட்ட விடமாட்டார்கள். அவசரக் கசிவுக்கு விலக்கு உண்டு, ஆனால் அப்போது மீட்டமைப்பு நிபந்தனை கடுமையாகும். இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டுத் தெருப்பணிச் சட்டத்தின் கீழ் வந்த விவரக்குறிப்பு, மூடிய வெட்டுக்கு இரண்டு ஆண்டு உத்தரவாதம் கேட்கிறது. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமானால் மூன்று ஆண்டு. ஆழமான நிரப்பு தாமதமாக அமுங்கும் என்பதே அந்தக் கூடுதல் ஆண்டின் பொருள்.

குழியின் அகலத்தைச் செலவு பார்த்துக் குறைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. குழாயின் இரு பக்கமும் மண்ணைத் தள்ளி இடிக்க இடம் வேண்டும். கையில் உள்ள ரேமரின் (குதித்து மண்ணை இடிக்கும் இயந்திரம்) பாதம் 280 மி.மீ. அகலம் என்றால், குழாய்க்கும் சுவருக்கும் நடுவே 150 மி.மீ. இடைவெளியில் அது நுழையாது. நுழையாத இடத்தில் மண் தளர்வாகவே கிடக்கும். ஆகவே இயந்திரத்தை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற அகலத்தில் வெட்டுங்கள். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து குறைந்தது 0.6 மீட்டர் தள்ளிப் போடுங்கள். அந்தப் பாரம் சுவரைத் தள்ளும், சுவர் சரிந்தால் பக்கத்துத் தார்த்தளத்தின் அடியில் வெற்றிடம் விழும். மேலிருந்து பார்த்தால் தளம் நன்றாகத்தான் தெரியும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள குழியில், பக்கத்தாங்கல் (சுவர் சரியாமல் பிடிக்கும் முட்டு) இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. இதில் பேரம் இல்லை.

இனி நிரப்புவது.

குழாய்க்கு அடியில் 100 முதல் 150 மி.மீ. மணல் அல்லது நுண்ஜல்லிப் படுகை. இணைப்பின் தடித்த பகுதி வரும் இடத்தில் படுகையைச் சற்றுக் குடைந்து விடவேண்டும். இல்லாவிட்டால் குழாய் முழு நீளத்திலும் படியாமல் இணைப்புகளின் மேல் மட்டும் நிற்கும், வண்டிப் பாரம் வரும்போது நடுவில் வளையும். அடுத்தது குழாயின் அடிவயிறு: படுகைக்கும் குழாயின் பாதி உயரத்துக்கும் இடைப்பட்ட வளைவு. மேலிருந்து கொட்டிய மண் அங்கே தானாகப் போய்ச் சேராது. மண்வெட்டியின் ஓரத்தால் தள்ளி, மெல்லிய கட்டையால் இரு பக்கமும் மாற்றி மாற்றி இடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக நிரப்பிவிட்டு மறுபக்கம் வந்தால் குழாய் நகர்ந்திருக்கும். பிவிசி போன்ற வளையும் குழாய்க்கு இந்தப் பக்க மண்தான் பலம். அது தளர்ந்தால் குழாய் முட்டை வடிவத்துக்குப் போகும்.

குழாயின் தலைக்கு மேல் 300 மி.மீ. வரை கல் இல்லாத, 20 மி.மீ.க்கு மிகாத பொருள்தான். இந்த உயரம் வரை கைத்திமிசு அல்லது இலகுவான தட்டு இயந்திரம் (அடித்தட்டின் அதிர்வால் மண்ணை அமுக்குவது) போதும், கனரக இயந்திரம் ஏறக் கூடாது. அதன் மேல் எச்சரிக்கை நாடாவை விரியுங்கள். குழாயை ஒட்டியே நாடாவைப் போட்டால், அடுத்த முறை தோண்டுபவரின் வாளி நாடாவையும் குழாயையும் ஒன்றாகத்தான் தொடும்.

இதற்கு மேல்தான் அடுக்கு விதி. தளர்வாக 200 மி.மீ. பரப்பினால், இடித்த பின் ஏறக்குறைய 150 மி.மீ. வரும். 1.2 மீட்டருக்கு எட்டு அடுக்கு. களத்தில் நடப்பது வேறு: பொக்லைன் ஒரே தடவையில் அரை மீட்டர் மண்ணைத் தள்ளும், மேலே தட்டு இயந்திரம் நான்கு முறை ஓடும். மேல் 150 மி.மீ. கல்போல் இருக்கும், கீழே தொடவே இல்லை. சிறிய இயந்திரத்தின் சக்தி அவ்வளவு ஆழம் போகாது, கூடுதல் ஓட்டத்தால் அதை ஈடுகட்டவும் முடியாது. குழியின் சுவரில் 150 மி.மீ.க்கு ஒரு கோடு பெயின்ட்டில் போட்டு வைத்தால் கண்காணிப்பவருக்கும் ஆட்களுக்கும் வாதம் இல்லை. செலவில்லாத இந்த ஒன்றை ஒவ்வொரு வேலையிலும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இயந்திரத்தை மண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணல், ஜல்லி போன்ற துகள் மண்ணுக்கு அதிர்வு வேண்டும், தட்டு இயந்திரம் சரி. களிமண்ணுக்கு இடி வேண்டும், குதிக்கும் ரேமர்தான் சரி. களிமண் மேல் தட்டு ஓட்டினால் மேற்பரப்பு வழவழப்பாகும், உள்ளே கட்டிகளுக்கு நடுவில் காற்று அப்படியே இருக்கும்.

ஈரப்பதம் தவறினால் மற்ற எல்லா உழைப்பும் வீண். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு உகந்த ஈரம் உண்டு. அதில்தான் குறைந்த இடியில் அதிக அடர்த்தி கிடைக்கும். 1933இல் ரால்ஃப் ப்ராக்டர் வகுத்த சோதனை இன்றும் இதைத்தான் அளக்கிறது. களத்தில் விரைவாகப் பார்க்க, ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நின்று, கீழே போட்டதும் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் உகந்த ஈரத்துக்கு அருகில் இருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளித்துக் கலக்க வேண்டும். உள்ளங்கை நனைந்தால் அந்த மண் இன்றைக்கு ஆகாது. மிகை ஈரக் களிமண்ணில் ரேமர் ஓடும்போது தரை மெத்தென்று அலையும். அந்த அலைவு தெரிந்தால் மேலும் இடிப்பதில் பயனில்லை. எடுத்துவிட்டு வேறு பொருள் போடுங்கள். தண்ணீரை ஊற்றி ஊறவைத்து அமுக்குவது சுத்தமான மணலுக்கு மட்டும், அதுவும் நீர் வடிய வழி இருந்தால் மட்டும். களிமண்ணில் அது சேறுதான் தரும்.

தோண்டிய களிமண்ணுக்குப் பதில் ஜல்லிக்கலவை போடுவது நல்லது, ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. களிமண் தரைக்குள் ஜல்லி நிரப்பிய குழி ஒரு வடிகாலாகிவிடும். சரிவான தெருவில் தண்ணீர் குழாயைச் சுற்றிய ஜல்லி வழியே இறங்கி, தாழ்ந்த முனையில் தளத்தை ஊறவைக்கும். இடையிடையே களிமண் அல்லது கான்கிரீட் தடுப்பு வைக்க வேண்டும். பொடி இல்லாத வெறும் ஜல்லியை நுண்மணல் தரைக்குள் போட்டால், மணல் மெல்ல ஜல்லியின் இடைவெளிக்குள் நகர்ந்து பக்கத்தில் பள்ளம் விழும். அங்கே ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) சுற்றுவது ஆடம்பரமல்ல. பக்கத்தாங்கல் பெட்டியையும் அடுக்கு ஏற ஏற உயர்த்த வேண்டும். எல்லாம் நிரப்பிவிட்டுக் கடைசியில் இழுத்தால், இடித்த மண் பெட்டி இருந்த இடைவெளிக்குள் தளர்ந்துவிடும்.

சோதனையில் அதிகம் பார்க்கும் பிழை ஒன்று: ஈர அடர்த்தியை உலர் அடர்த்தியோடு ஒப்பிடுவது. ஆய்வகம் தந்த அதிகபட்ச உலர் அடர்த்தி 2.00 கிராம்/கன செ.மீ. என்போம். களத்தில் மணற்கூம்புச் சோதனை (தோண்டிய சிறு குழியை மணலால் நிரப்பி அதன் கன அளவை அறிவது) ஈர அடர்த்தி 2.09 தருகிறது, ஈரம் 11 சதவீதம். நேரே வகுத்தால் 104.5 சதவீதம், எல்லோரும் மகிழ்வார்கள். சரியான கணக்கு 2.09 ÷ 1.11 = 1.883. அது 94.1 சதவீதம். 95 கேட்கும் இடத்தில் இது தோல்வி. அதேபோல், நியூக்ளியர் அடர்த்திமானியை (கதிரியக்கத்தால் அடர்த்தியும் ஈரமும் அளக்கும் கருவி) குறுகிய குழிக்குள் வைத்தால், பக்கச்சுவர்களின் ஈரமும் சேர்ந்து காட்டி ஈர அளவு கூடும், உலர் அடர்த்தி குறைந்து தெரியும். குழிக்கான திருத்த அளவை முதலில் எடுக்க வேண்டும். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் எடுத்த சோதனை என்று தாளில் எழுதாவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. மேல் அடுக்கில் மட்டும் எடுத்த மூன்று வெற்றிகளை விட, நடு ஆழத்தில் எடுத்த ஒன்று அதிகம் சொல்லும்.

இடிக்க இடமே இல்லாத குறுகிய வெட்டுக்கும், குழாய்கள் நெருங்கிக் கிடக்கும் சந்திப்புக்கும் பாயும் நிரப்புக் கலவை நல்ல வழி: சிறிதளவு சிமெண்ட், அனல்மின் நிலையச் சாம்பல், மணல், நிறையத் தண்ணீர். இதில் வலுவைக் கூட்டுவது தவறு. பின்னாளில் தோண்ட வேண்டுமென்றால் அழுத்த வலு சுமார் 2 மெகாபாஸ்கலுக்குள் நிற்க வேண்டும். 0.3க்குள் இருந்தால் கைக்கருவியாலேயே தோண்டலாம். சாம்பல் மாதக்கணக்கில் வலுவைக் கூட்டிக்கொண்டே போகும் என்பதால், 28 நாள் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஊற்றும்போது காலிக் குழாய் மிதக்கும். கட்டிப்போடுங்கள், அல்லது முதல் ஊற்று குழாயின் பாதிக்குக் கீழே இறுகியபின் அடுத்ததை ஊற்றுங்கள்.

மேற்பரப்பில் முக்கியமானது பின்வாங்கி வெட்டுவது. குழி மூடி முடிந்ததும், விளிம்பிலிருந்து இரு பக்கமும் 300 மி.மீ. தள்ளி, கட்டர் இயந்திரத்தால் நேர்கோட்டில் தார்த்தளத்தை மீண்டும் வெட்டி எடுக்க வேண்டும். தோண்டும்போது தளர்ந்த பக்கமண்ணைத் தாண்டி, கலையாத மண்ணின் மேல் புதிய தார் உட்கார வேண்டும் என்பதே காரணம். முதலிலேயே அகலமாக வெட்டிவிட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். தோண்டும் வாளியும் லாரியும் அந்த விளிம்பையும் உடைத்துவிடும், ஆகவே இரண்டாம் வெட்டு கடைசியில்தான் வர வேண்டும். ஓரக்கல்லுக்கும் வெட்டுக்கும் நடுவே அரை மீட்டர் பழைய தார் மட்டும் மிஞ்சினால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்தக் குறுகிய பட்டை நிலைக்காது. சக்கரம் ஓடும் தடத்தில் இணைப்புக்கோடு விழாமல் பார்க்கவும்.

புதிய தாரைப் பழையதோடு ஒட்டவைக்கும் ஒட்டுப்பூச்சு தரைக்கு மட்டுமல்ல, வெட்டிய செங்குத்து முகத்துக்கும் வேண்டும். பூசிய எமல்ஷன் (நீரில் கலந்த தார்) பழுப்பிலிருந்து கறுப்பான பிறகே கலவை கொட்ட வேண்டும். தடிமன், கலவையின் பெரிய ஜல்லி அளவைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். 50 மி.மீ. முடிவுத் தடிமனுக்குத் தளர்வாக 62 மி.மீ. அளவில் பரப்புங்கள். 80 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போன பிறகு உருளை ஓட்டுவது அடர்த்தி தராது, ஜல்லியைத்தான் உடைக்கும். சிறிய பேட்ச் வேலையில் கலவை லாரியிலேயே ஆறிப்போவது வழக்கம். வெப்பமானியைக் கலவைக்குள் குத்திப் பார்க்காமல் இறக்கவே கூடாது. இணைப்பைத் தார் கொண்டு அடைப்பதும், கட்டர் மூலையில் தாண்டிப் போன கீறல்களை அடைப்பதும் கடைசி வேலை.

"எப்படியும் அமுங்கும்" என்று முன்கூட்டியே மேடாக விடும் பழக்கத்தை ஏற்கவே கூடாது. அது கீழே இடிக்கவில்லை என்ற ஒப்புதல் மட்டுமே. மேட்டின் ஓரத்தில் தண்ணீர் நின்று இணைப்புக்குள் இறங்கும், வண்டி குதித்து இறங்கும் இடத்தில் பாரம் கூடும்.

கான்கிரீட் சாலையில் நடுவில் ஒரு சதுரம் வெட்டி ஒட்டக் கூடாது. பலகையை இணைப்பு வரை எடுத்து, பழைய தடிமனிலேயே, துளையிட்டு எபாக்சியில் பதித்த கம்பிகளோடு வார்க்க வேண்டும்.

நிரந்தர மேற்பரப்பு தாமதமானால் குளிர்கலவையோ (சூடாக்காமலே போடும் தார்க்கலவை) எஃகுத் தகடோ போடலாம். தகடு குழியின் இருபுறமும் குறைந்தது 300 மி.மீ. உறுதியான தளத்தின் மேல் படிய வேண்டும். நகராதபடி பொருத்தி, ஓரத்தில் சரிவு கொடுக்க வேண்டும். நிரந்தர வேலையின்போது குளிர்கலவையை முழுதும் சுரண்டி எடுக்கவும். அதன் மேலேயே சுடுகலவை போட்டால் அடியில் மென்மையான அடுக்கு ஒன்று தங்கிவிடும்.

ஒப்படைக்கும் நாளில் 3 மீட்டர் நேர்சட்டத்தை வெட்டின் குறுக்கே வைத்து, பழைய தளத்தோடு உள்ள வித்தியாசத்தைப் படத்தோடு குறித்து வையுங்கள். பல விவரக்குறிப்புகள் 6 மி.மீ. வரைதான் ஏற்கும். அதே இடத்தில் ஒரு மழைக்காலம் கழித்தும், உத்தரவாதம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதும் மறுபடி அளக்கவும். அமுங்கியிருந்தால் மேலே தார் ஊற்றிச் சமப்படுத்தச் சொல்லாமல், தளத்தை எடுத்து நடு ஆழத்தில் அடர்த்தி சோதித்துவிட்டு, தேறாத அடுக்கு வரை திரும்ப நிரப்பச் சொல்ல வேண்டும்.