பாஸ்வேர்டு நோட்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் பிரவுசிங் சென்டர் போட்டது 2006-ல். ஆறு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். கலெக்டர் ஆபீஸ் பக்கம் என்பதால் பகலெல்லாம் ஏதாவது விண்ணப்பம் ஓடும். சாயங்காலம் ஆனால் ஆர்குட்தான், ஃபேஸ்புக் மாதிரி அந்தக் காலத்து நட்பு வலைத்தளம். தேவனாம்பட்டினத்துப் பெரியார் கல்லூரிப் பையன்கள் சைக்கிளில் கூட்டமாக வந்து இறங்குவார்கள். ஸ்கிராப், அதாவது ஆர்குட்டில் நண்பர் பக்கத்தில் போடும் செய்தி, எழுத ஒருவன் உட்கார்ந்தால், என்ன எழுதலாம் என்று சொல்லிக் கொடுக்க நாலு பேர் பின்னால் நிற்பார்கள்.

கணக்கு திறந்து கொடுப்பது என் வேலை. முதலில் மெயில் ஐடி, அப்புறம் ஆர்குட். அடுத்த வாரமே பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். மறுபடி புதுசாக ஒன்று திறக்க வேண்டும். ஒருவனுக்கு இப்படி நாலு கணக்கு ஆகி, நாலாவது கணக்குக்கு மற்ற மூன்றும் நண்பர்களாக இருந்தன. சரி, இது ஆகாது என்று ஒரு நோட்டு வாங்கிப் பேர், ஐடி, பாஸ்வேர்டு என்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். கடையில் பத்து பேர் இருக்கும்போதே, "எழுதிக்குங்கண்ணா" என்று சத்தமாகச் சொல்வார்கள். பாதிப் பேருக்கு ஏதோ ஒரு பெண் பெயர், பக்கத்தில் 143. மீதிப் பேருக்கு நடிகர் பெயரும் 123-ம். ஒருவன் மட்டும் திருப்பாதிரிப்புலியூர் என்று ஊர்ப் பெயரை முழுசாக வைத்தான். ஆங்கிலத்தில் அதை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுத அவனால் முடியவில்லை.

2011-ல் சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது. தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது, வருகிறவர்களிடம் அடையாள அட்டை பார்க்க வேண்டும், யார் எந்த நேரத்தில் உட்கார்ந்தார்கள் என்ற பதிவேட்டை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். ஆசாரியைக் கூப்பிட்டு, ஆசை ஆசையாகப் போட்ட பிளைவுட் தடுப்பையெல்லாம் அறுத்தேன். அடையாள அட்டை கேட்டதும் பையன்களுக்குக் கோபம். "எதுக்குண்ணா எங்க நகல் உங்களுக்கு?" என்று கேட்டவன், அதே மூச்சில் நோட்டைப் பார்த்து அவன் பாஸ்வேர்டைச் சொல்லச் சொன்னான்.

அந்த வருடம் டிசம்பர் 30, தானே புயல். கடை மேல் இருந்த ஷீட் பறந்துவிட்டது. இரண்டு மானிட்டர் தண்ணீரில் ஊறியது. போர்டு இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தது. இரும்பு மேஜையின் டிராயரில் இருந்த நோட்டு மட்டும் ஒரு சொட்டுக்கூட நனையவில்லை. கடையில் பத்திரமாக மிஞ்சிய ஒரே பொருள், கடையில் யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பொருள்தான். கரண்ட் வந்து கடையை மறுபடி திறந்தபோது ஆர்குட் கேட்க ஆள் இல்லை, எல்லாரும் ஃபேஸ்புக் கேட்டார்கள். அங்கே போவோம் என்று யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கூட்டம் இருக்கிற டீக்கடைக்கே கூட்டம் போவது மாதிரிதான் அதுவும்.

2014 செப்டம்பர் 30-ல் ஆர்குட்டை மூடினார்கள். அதில் இருந்த படங்களை இறக்கிக்கொள்ள அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அவகாசம் இருந்தது. நோட்டைப் பார்த்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன். வந்தது இரண்டு பேர். அதில் ஒருவன், அக்கா கல்யாணப் படங்களை சிடியில் எழுதி வாங்கிப் போனான். மற்றவர்கள், "விடுங்கண்ணா, அந்த மூஞ்சியை யாரு பாக்கறது" என்றுவிட்டார்கள்.

2016-ல் ஜியோ வந்தது. ஆறு கம்ப்யூட்டர் இரண்டாகி, மிச்ச இடத்தில் ஜெராக்ஸ் மிஷினும் லேமினேஷனும் உட்கார்ந்தன. இதைப் பற்றிப் புலம்ப ஒன்றுமில்லை, பிழைப்பு ஓடுகிறது.

டிக்டாக் விஷயத்தில்தான் எனக்கு இன்னும் வருத்தம். எதிர் டீக்கடை மாஸ்டர் அதில் பழைய பாட்டுக்கு வாயசைத்து வீடியோ போடுவார். ஆற்றிக்கொண்டே நடிப்பார், டீ சிந்தாது. தெரியாத ஊர்க்காரர்கள் கூட அவரை அடையாளம் கண்டு சிரித்துவிட்டுப் போனார்கள். 2020 ஜூன் 29 ராத்திரி தடை. மறுநாள் வந்து, "என் வீடியோவெல்லாம் எடுத்துத் தர முடியுமா தம்பி?" என்று கேட்டார். என்னால் முடியவில்லை. அப்புறம் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்ததும் ஒரு கணக்கு திறந்து கொடுத்தேன். பத்து நாளில் விட்டுவிட்டார். "அங்க எல்லாம் படிச்சவங்களா இருக்காங்க தம்பி, கூச்சமா இருக்கு" என்றார். டிக்டாக்கைக் கேலி செய்தவர்களுக்கு அந்தத் தடையால் ஒரு நஷ்டமும் இல்லை. மாஸ்டருக்கு இருந்தது.

ட்விட்டர் எக்ஸ் ஆனதை என் கடையில் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. 2025 செப்டம்பர் கடைசியில் எல்லாரும் வாட்ஸ்அப் மாதிரி ஸோஹோ கம்பெனி விட்ட அரட்டை என்ற ஆப்பைப் பற்றிப் பேசினார்கள். "அரட்டைக்கு மாறிட்டேண்ணா" என்று ஒருவர் தகவல் அனுப்பினார். வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார்.

வாட்ஸ்அப்தான் இப்போது என் கல்லாப்பெட்டி. கம்ப்யூட்டரில் காலையில் திறந்து வைத்தால் ராத்திரி வரை ஓடும். நேற்று வந்தவற்றை மட்டும் சொல்கிறேன். ஏழு ஆதார், ஒரு கிரயப் பத்திரம், இரண்டு ஜாதகம், ஒரு கர்ப்பிணியின் ஸ்கேன் ரிப்போர்ட், சம்பள ரசீது, அப்புறம் தவறுதலாக எனக்கு வந்துவிட்ட ஒரு மாமியார் மருமகள் சண்டையின் குரல் பதிவு, இரண்டு நிமிஷம். (கேட்டேன். மருமகள் பக்கம்தான் நியாயம்.) முகம் தெரியாதவர்கள், "பிரிண்ட் எடுத்து வைங்கண்ணா, வந்து வாங்கிக்கறேன்" என்கிறார்கள். அப்போது பாஸ்வேர்டு மட்டும்தான் என்னிடம் இருந்தது. இப்போது ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பது வரை இருக்கிறது. கடையைச் சாத்துமுன் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன். அழிக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "போன மாசம் அனுப்பினேனே, அது இருக்கா?" என்று கேட்டவர்கள்தான் நிறைய.

போன வாரம் ஒருவன் குடும்பத்தோடு வந்தான். சிங்கப்பூரில் வேலை. தலை முன்பக்கம் கொட்டியிருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மகளின் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு இரண்டு பக்கம் பிரிண்ட் எடுக்க வேண்டும். மனைவி கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, காலேஜ் படிக்கறப்ப இவர் பாஸ்வேர்டு கூட உங்க நோட்டுலதான் இருக்கும்னு சொல்லுவார். அந்த நோட்டு இன்னும் இருக்கா?"

அவன் என்னைப் பார்த்தான். என் முழங்கை டிராயர் மேல்தான் இருந்தது.

"தானே புயல்ல போயிடுச்சும்மா" என்றேன்.

10 ரூபாய் பிரிண்டுக்கு 100 ரூபாயைக் கொடுத்துவிட்டு, மீதியை வாங்காமல் போனான்.