தேய்ந்த பிவட் குழிக்கு ஸ்லீவ்: ஓர் அலுமினிய ஃபுல் சஸ்பென்ஷன் ஃப்ரேம்

மவுண்டன் பைக்கின் பின்பக்கம் ஆடினால் பழி முதலில் பேரிங்கின் மேல்தான் விழும். இந்த 6061-டி6 (வெப்பப் பதம் ஏற்றிய அலுமினியக் கலவை) ஃப்ரேமின் மெயின் பிவட்டில், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் ஃப்ரேமோடு சேரும் கீலில், புது 6902 பேரிங் (15×28×7 மி.மீ.) போட்டும் ஆட்டம் போகவில்லை. பிரஸ் வைத்து ஏற்ற வேண்டிய பேரிங், சங்கிலிப் பக்கத்தில் கட்டைவிரலால் தள்ளியதுமே உள்ளே போனது.

ஷாக்கையும் பின்சக்கரத்தையும் கழற்றிய பிறகே ஸ்விங்ஆர்மைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஷாக் புஷ், ஹப் பேரிங் ஆகியவற்றின் ஆட்டமும் கைக்குப் பிவட் ஆட்டம் மாதிரியே படும்.

போர் கேஜில் (உள்விட்டம் அளக்கும் கருவி) பேரிங் உட்காரும் இடக் குழி 27.985 மி.மீ., வட்டம் கெடவில்லை. வலக் குழி ஒரு திசையில் 28.04, குறுக்கே 28.09. பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் என்7 பொருத்தத்துக்கு 27.972 முதல் 27.993 வரை இருக்க வேண்டும். சுவரில் கரும்பொடி படிந்திருந்தது; பேரிங்கின் வெளிவளையம் குழிக்குள் சுற்றி அரைத்த அலுமினியம் அது. போல்ட் தளர்ந்த பின்னும் ஓட்டினால் இதுதான் நடக்கும். சங்கிலி இழுக்கும் பக்கம் முதலில் போகும்.

குழியின் சுவரில் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்துவது, தகரத் தகடு சுற்றுவது எல்லாம் பைக்கை விற்கப் போகிறவர் செய்கிற வேலை. லாக்டைட் 638 (பேரிங்கை ஒட்டிப் பிடிக்கும் பசை) கால் மில்லி இடைவெளி வரை நிரப்பும் என்றாலும், கோணிய குழியில் பேரிங்கை மையத்தில் நிறுத்தாது. வெல்டிங்கில் நிரப்பினால் அந்த இடத்தின் டி6 பதம் போய்விடும். மிஞ்சும் வழி, குழியைப் பெரிதாகக் கடைந்து உள்ளே ஸ்லீவ் (புதுச் சுவராக நிற்கும் வளையம்) இறக்குவது.

வேலை தொடங்கும் முன் பெயின்ட் சுரண்டி, வெல்டைச் சுற்றி டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பார்த்தாயிற்று. விரிசல் இருந்திருந்தால் ஃப்ரேம் பழைய இரும்புக் கடைக்குத்தான். குழியைச் சுற்றியுள்ள தடித்த பகுதியான பிவட் பாஸின் வெளிவிட்டம் 36 மி.மீ.; 30-க்குக் கடைந்தாலும் சுற்றிலும் 3 மி.மீ. மிஞ்சும்.

ஃப்ரேமை மில்லிங் மிஷினில் நிறுத்துவதுதான் முக்கால்வாசி வேலை. குழாய்களை வைஸில் பிடித்தால் நசுங்கும், ஆகவே மரத்தில் வி-கட்டைகள். தேயாத இடக் குழியில் கிரைண்டு செய்த மாண்ட்ரலை (துல்லியமான உருளைத் தண்டு) செருகி, அது மிஷினின் சுழலும் ஸ்பிண்டிலுக்கு நேராக, ஒரே மையத்தில் 0.02-க்குள் வரும்வரை டயல் கேஜ் வைத்துத் தட்டித் தட்டிச் சரிசெய்ய வேண்டும். தேய்ந்த குழியையே மையமாக எடுத்தால் அதன் கோணல் புதுக் குழிக்கும் வந்து, இரண்டு பேரிங்கும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பிறகு வலக் குழியைப் போரிங் ஹெட்டில் 30.00-க்குக் கடைய வேண்டும், உள்ளே பேரிங் முட்டும் படியைத் தொடக்கூடாது.

ஸ்லீவ் 7075-டி6 (இன்னும் வலுவான அலுமினியக் கலவை): வெளிவிட்டம் 30.03, நீளம் 7, உள்விட்டம் இப்போதைக்கு 27.6. ஸ்டீல் வேண்டாம், அடுத்த முறை பேரிங் மாற்ற ஃப்ரேமைச் சூடாக்கும்போது அலுமினியம் அதிகம் விரிந்து, ஸ்லீவும் பேரிங்கோடு கழன்று வரும். பாஸை ஹீட் கன்னில் 90 டிகிரிக்குச் சூடாக்கி, ஸ்லீவை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சுமார் 0.07 மி.மீ. வித்தியாசம் கிடைக்கும், 0.03 இறுக்கம் இருந்தும் அடிக்காமலே இறங்கும். உள்விட்டத்தை முன்கூட்டியே முடித்துவிட்டால் ஏற்றியதும் சுருங்கிவிடும். அதனால் ஃப்ரேமை மேசையிலிருந்து எடுக்காமல், ஆறவிட்டு, அதே செட்டிங்கில் 27.98-க்குக் கடைந்தது. லேத் பட்டறையில் ‘டைட்டா வரணும்’ என்று மட்டும் சொல்லாமல், மைக்ரானோடு வரைபடம் கொடுக்க வேண்டும்.

பிவட்டின் ஊடே போகும் பழைய ஆக்சில், பேரிங் உட்காரும் இடத்தில் 14.93 ஆகத் தேய்ந்திருந்தது. புதியது 17-4 பிஎச் ஸ்டீல், 15 எச்6 (14.989–15.000), நடுவில் துளையிட்டது. எடை கூடும், பொறுத்துக்கொள்ளலாம்.

பலர் கோட்டைவிடுவது இரு உள்வளையங்களுக்கு நடுவே நிற்கும் ஸ்பேசரில். படிக்குப் படி உள்ள தூரத்தை அளந்து, அதைவிட 0 முதல் 0.05 வரை நீளமாக வெட்ட வேண்டும். குட்டையாக இருந்தால் போல்ட் இறுக இறுக உள்வளையங்கள் உள்நோக்கி நெருக்கப்பட்டு பேரிங் கரகரக்கும். இறுக்கும் முன் எளிதாக மேலும் கீழும் அசைந்த ஸ்விங்ஆர்ம் இறுக்கியதும் பிடித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பேரிங் கூடு இல்லாமல் முழுக்க பால் நிறைத்த மேக்ஸ் வகை. பிவட் முழுச் சுற்று சுற்றுவதில்லை என்பதால் சீலைத் திறந்து வாட்டர்ப்ரூஃப் கிரீஸை நிறையவே அடைக்கலாம். ஏற்றும்போது இழுத்து இறுக்க எம்8 மரை ராடு, வெளிவளையத்தை மட்டும் தொடும் டிரிஃப்ட் (தள்ளும் கட்டை). ஆக்சிலில் கிரீஸ், மரையில் தளராமல் பிடிக்கும் லாக்டைட் 243, ஃப்ரேம் தயாரிப்பாளர் சொன்ன டார்க்.

ஷாக் இல்லாமல் தூக்கி விட்டபோது ஸ்விங்ஆர்ம் தன் எடையிலேயே இறங்கியது, பக்கவாட்டில் அசைவே இல்லை. முதல் சில ஓட்டத்துக்குப் பிறகு டார்க்கை மறுபடி பார்க்க வேண்டும்.