இயந்திரம் சரி, கோடு சரியா?

காலையில் முதல் நோயாளி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நான் லினாக் அறையில், அதாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் இயந்திரம் இருக்கும் அறையில் இருப்பேன். நேற்றுக் கொடுத்த கதிர் அளவையே இயந்திரம் இன்றும் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். தினசரிச் சோதனையில் 3 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. மாதச் சோதனையில் 2, ஆண்டுச் சோதனையில் 1. சுவர்களிலிருந்து வரும் லேசர் கோடுகள் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வந்து சேர வேண்டும். பதினாறு வருடமாக மருத்துவ இயற்பியலாளராக இருக்கிறேன், இந்த வேலை ஒருநாளும் அலுத்ததில்லை. ஆனால் மலக்குடல், ஆசனவாய்ப் புற்றுநோய்களில் பெரிய தவறுகள் பெரும்பாலும் இந்த அறைக்கு வெளியேதான் நடக்கின்றன என்று புரிய எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

சிடி ஸ்கேன் எடுத்த பிறகு, கதிர் எங்கே போக வேண்டும் என்று மருத்துவர் படம் படமாகக் கோடு போடுவார். கட்டியைச் சுற்றிப் போட்டால் போதாது. மலக்குடலைப் பொதிந்திருக்கும் கொழுப்புப் பகுதியான மீசோரெக்டம், முதுகெலும்பின் அடியில் இருக்கும் திருவெலும்புக்கு முன்னால் உள்ள இடம், இடுப்புக்குள் ஓடும் ரத்தக்குழாய்களை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள் எல்லாம் உள்ளே வர வேண்டும். ஆசனவாய்ப் புற்று என்றால் தொடை இடுக்குக் கணுக்களும் சேரும். கம்ப்யூட்டருக்கு அந்தக் கோடுதான் நோய். கோட்டுக்கு வெளியே என்ன இருந்தாலும் அதற்குத் தெரியாது.

முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. ஆசனவாய்ப் புற்றுக்கு வந்த ஒரு பெரியவரின் பிளானை, அதாவது கதிரை எப்படிக் கொடுப்பது என்ற திட்டத்தை, நான்தான் சரிபார்த்தேன். இயந்திரம் கொடுக்கும் கதிரை அளந்து பார்த்ததில் 98 சதவீதப் புள்ளிகள் பிளானின் கணக்கோடு பொருந்தின. கோட்டுக்குள் அளவு நிறைவாக இருந்தது. திருப்தியோடு கையெழுத்துப் போட்டேன். நான்காம் நாள் வாராந்தரக் கூட்டத்தில் இன்னொரு மருத்துவர் எம்ஆர்ஐ படத்தைத் திறந்து, இடது தொடை இடுக்கில் ஒரு கணுவைக் காட்டினார். எங்கள் கோடு அதற்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலேயே நின்றுவிட்டிருந்தது. அதற்குள் மூன்று நாள் சிகிச்சை முடிந்திருந்தது. அன்று மாலையே கோட்டைத் திருத்தி, மறுநாளே புதுப் பிளானில் தொடர்ந்தோம். நோயாளியிடமும் மறைக்காமல் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "மிச்ச நாளாவது சரியா வைங்க சார்" என்றார். அந்தக் குரல் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் எங்கே வேலை செய்தாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. குணப்படுத்தும் நோக்கத்தோடு கொடுக்கும் சிகிச்சை என்றால், கோட்டை இரண்டாவது மருத்துவர் பார்க்காமல் முதல் நாள் தொடங்கக்கூடாது. தொடங்கிய பிறகு பார்ப்பது பாதிப் பாதுகாப்புதான். ஐந்தே நாளில் 25 கிரே (கதிர் அளவின் அலகு) கொடுக்கும் குறுகிய முறையில் இது இன்னும் முக்கியம். 28 நாளில் 50.4 கிரே கொடுக்கும்போது ஒரு நாள் தவறினால் இருபத்தெட்டில் ஒரு பங்கு. ஐந்து நாள் முறையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வாரம் ஒருமுறை கூடும் கூட்டம் முடிவதற்குள் அந்த நோயாளியின் சிகிச்சையே முடிந்திருக்கும்.

இப்படிக் கோடு தவறுவது எங்கள் ஒரு மருத்துவமனையின் குறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் ஐஎம்ஆர்டி முறையை ஆசனவாய்ப் புற்றுக்குச் சோதித்தது, ஆர்டிஓஜி என்ற அமெரிக்க ஆய்வுக் குழுவின் 0529 ஆய்வு. அதில் மருத்துவமனைகள் முதலில் அனுப்பிய பிளான்களில் 81 சதவீதத்தை மையக் குழு திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியது. திருத்தினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் வேறோர் உறுப்பைப் பற்றிய ஆய்வைக் காட்டுவேன். தலை, கழுத்துப் புற்றுநோயில் 2010இல் வெளியானது. முதலிலேயே பிளான் சரியாக இருந்தவர்களில் இரண்டு வருடம் கழித்து 70 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். சிகிச்சையில் பெரிய குறை இருந்தவர்களில் 50 சதவீதம் பேர். அந்த இரண்டு எண்களையும் முதல்முறை படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோடு சரியாக அமைந்தாலும் வயிறு ஒரே மாதிரி இருப்பதில்லை. மூத்திரப்பை நிறைந்திருந்தால் சிறுகுடலை மேலே தள்ளி, கதிர்ப் பாதையிலிருந்து விலக்கி வைக்கும். காலியானால் குடல் சுருள்கள் கீழே இறங்கி நேராகக் கதிருக்குள் வந்து உட்காரும். 45 கிரே வாங்கும் குடல் பகுதி 195 கன சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று பிளானில் கணக்குப் போட்டு வைத்திருப்போம். மூத்திரப்பை காலியான நாளில் அந்தக் கணக்கு வெறும் காகிதம்.

போன மாதம் ஒரு வயதான அம்மா. ஒன்பதாம் நாள் சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தில் மூத்திரப்பை பாதிகூட இல்லை, குடல் சரிந்து கிடந்தது. அவரைப் படுக்க வைத்த தொழில்நுட்பப் பெண் பட்டனை அழுத்தவில்லை. எலும்புகள் எல்லாம் பிளானோடு பொருந்தியிருந்ததால் அப்படியே கொடுத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இறக்கி உட்கார வைத்து, "அம்மா, இன்னைக்குத் தண்ணி குடிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறாள். மூத்திரம் போகும்போது எரிகிறது, அடக்க முடியவில்லை, அதனால் நான்கு நாளாகக் குடிப்பதைக் குறைத்துவிட்டேன், சொல்ல வெட்கமாக இருந்தது என்றிருக்கிறார் அந்த அம்மா. எரிச்சலுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மூன்று தம்ளர் தண்ணீர், முக்கால் மணி நேரக் காத்திருப்பு, திரும்பப் படம். குடல் மேலே ஏறியிருந்தது. அந்த நாள் அட்டவணை முழுக்கத் தாமதம்தான். யாராவது முணுமுணுத்தால் என்னிடம் அனுப்பு என்று சொல்லிவைத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். மறுநாள் காலை நான் சோதனைக் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தாள். முந்தைய நான்கு நாள் படங்களையும் எடுத்து மூத்திரப்பையின் அளவைக் குறித்து வைத்திருந்தாள். "சார், ஆறாம் நாளே குறைய ஆரம்பிச்சிருக்கு. அன்னைக்கு நான்தான் இருந்தேன், கவனிக்கல" என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த மூன்று நாளில் குடலுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போனோம்.