வாய்வழியாக எதுவும் வேண்டாம்

மார்ச் 3

இன்றும் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாதாம். அக்கா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மார்ச் 4

தூக்கம் வரவில்லை, விடியும்வரை கத்தாரர்களைப் பற்றித்தான் படித்தேன். தென் பிரான்சில், இதே துலூஸ் பக்கத்து ஊர்களில் எண்ணூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்த கிறிஸ்தவப் பிரிவினர், திருச்சபை மதவிரோதிகள் என்று ஒதுக்கியவர்கள். அவர்கள் நம்பிக்கைப்படி நல்ல கடவுள் படைத்தது ஆவியை மட்டும்தான். மலை, மழை, சதை, எலும்பு என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தீயவனின் வேலை. வானத்திலிருந்து விழுந்த தூதர்கள்தான் நாம், தோல்சட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கிறோம், செத்தால் இன்னொரு உடம்பு, அது குதிரையாகக்கூட இருக்கலாம். அதனால் ‘நல்ல மனிதர்கள்’ என்று அழைக்கப்பட்ட அவர்களின் துறவிகள் இறைச்சி, முட்டை, பால், பாலாடைக்கட்டி எதையும் தொட மாட்டார்கள். மீன் மட்டும் சாப்பிடலாம். ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன அக்காவின் கையைப் பார்க்கும்போது, இந்த உடம்பைப் படைத்தது யார் என்று எனக்கும் கேட்கத்தான் தோன்றுகிறது.

மார்ச் 6

காய்ச்சல் இறங்கவில்லை. அத்தான் பேசுவதே இல்லை.

மார்ச் 8

ஆர்க் என்ற ஊரில் சிபில் பியேர் என்று ஒருத்தி. கைக்குழந்தைக்கு உடம்பு முடியவில்லை, பிழைக்காது என்று நினைத்து பிராத் தவெர்னியே என்ற நல்ல மனிதரை அழைத்துக் கொன்சொலாமெந்தும் கொடுக்க வைக்கிறார்கள். தலையில் கை வைத்து ஆவியை இறக்கும் சடங்கு, அவர்களுக்கு இருந்த ஒரே ஞானஸ்நானம், தண்ணீரே கிடையாது. அது கிடைத்துவிட்டால் ஆன்மா நேரே வீடு போய்ச் சேரும். ஆனால் அதன்பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது, சாகும்வரை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவரும் புருஷனும் வெளியே போனதும் சிபில் குழந்தையை எடுத்து மாரோடு அணைத்துப் பால் கொடுத்துவிட்டாள். கண்ணெதிரே சாக விட முடியவில்லை என்று பிறகு விசாரணையில் அவளே சொல்லியிருக்கிறாள். பாமியே ஆயர் ஜாக் ஃபூர்னியே எழுதி வைத்த பதிவேட்டில் அது இருக்கிறது. அவர்தான் 1334இல் போப்பாண்டவர் ஆனவர். புருஷன் ரொம்ப நாள் அவளையும் நேசிக்கவில்லை, குழந்தையையும் நேசிக்கவில்லையாம். அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகள் வீடு போய்ச் சேர இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டார்களே என்றுதான் அவன் அழுதிருப்பான். ஆனாலும் நான் சிபில் பக்கம்தான்.

மார்ச் 9

பஞ்சை நனைத்து உதட்டில் வைக்க மட்டும் அனுமதி.

மார்ச் 11

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கத்தாரர்களில் சாதாரண விசுவாசிக்கு அதைச் சொல்லும் உரிமை கிடையாது. தீயவனின் பிடியில் இருக்கிறவன் கடவுளை எப்படித் தந்தை என்று கூப்பிடலாம்? சடங்கு முடிந்த பிறகுதான் அந்த வாய்ப்பு, பெரும்பாலானவர்களுக்கு அது சாவுப் படுக்கையில்தான் கிடைத்தது. வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்!

அக்கா இன்று கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

மார்ச் 13

இதே தேதி, 1244. கத்தாரர்கள் அடைக்கலம் புகுந்திருந்த மோன்செகூர் கோட்டை பத்து மாத முற்றுகைக்குப் பிறகு ஏற்கெனவே சரணடைந்துவிட்டது. நம்பிக்கையைக் கைவிடுகிறவர்கள் உயிரோடு போகலாம், மறுக்கிறவர்களுக்கு நெருப்பு, யோசிக்க இரண்டு வாரம். அந்த அவகாசத்தில்தான், இன்றைய நாளில், இருபது பேருக்கு மேல் புதிதாகக் கொன்சொலாமெந்தும் வாங்கிக்கொண்டார்கள். அதில் சிப்பாய்களும் உண்டு, சும்மா இருந்திருந்தாலே உயிர் பிழைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் மலையடிவாரத்தில் சுமார் இருநூறு பேரோடு சேர்த்து எரித்தார்கள். உடம்பு வெறும் சட்டைதான் என்று அவர்கள் உண்மையிலேயே நம்பியிருக்கிறார்கள். என்னால் முடியாது. இந்தக் கை எனக்கு வேண்டும், கன்றிப்போயிருந்தாலும் வேண்டும்.

மார்ச் 15

வேறு வார்டுக்கு மாற்றுகிறார்களாம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அத்தானிடம் சால்வையும் போன் சார்ஜரும் எடுத்து வரச் சொல்ல வேண்டும்.