பலா உத்தரம், இப்போது கிட்டார்

மாமா பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பலா உத்தரம் இரண்டு வருடமாக எங்கள் அடுப்படிப் பரணில் கிடந்தது. நேற்று அது கிட்டாரின் முதுகாகிவிட்டது.

நிற்கிற பலாவை வெட்ட இலங்கையில் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதனால் பழைய உத்தரம், கதவுநிலை என்று தேடி அலைகிறேன். தவிலும் வீணையும் பலாவில்தானே செய்கிறார்கள், கிட்டார் மட்டும் என்ன பாவம் செய்தது?

ஹட்டன் பக்கம் பெரிய தலையிடி மழைதான். போன வருடம் ஆனி மழையில் அவசரப்பட்டு ஒட்டிய முன்பலகை, வாங்கியவரின் ஏசி அறையில் ஒரே மாதத்தில் வெடித்தது. ஈரத்தைக் குடித்து விரிந்த மரம் காய்ந்தால் சுருங்காமல் என்ன செய்யும்? காசைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் வாராவாரம் பலகையைத் தராசில் வைக்கிறேன். எடை குறைவது நின்றால்தான் பசை.

விரல்பலகைக்குக் கருங்காலித் துண்டு. தந்தி நீளம் 648 மில்லிமீற்றர், விரல்பலகையில் பதிக்கிற கம்பிகளில் 12ஆவது மெட்டு சரிபாதியில், 324இல்.

அம்மாச்சி வந்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"நல்லா பழுத்துருச்சுடா."